கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் சரியாக எடுக்காது, வைஃபையும் ஆஃப். பிறகு எப்படி ஆப் என் இடத்தைக் கண்டுபிடிக்கிறது?

வைஃபை உண்மையில் முழுதாக ஆஃப் ஆகவில்லை. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் லொகேஷன் பகுதிக்குள் 'வைஃபை ஸ்கேனிங்', 'புளூடூத் ஸ்கேனிங்' என இரண்டு தனி சுவிட்சுகள் உண்டு. அவை ஆனில் இருந்தால், மேலே வைஃபை ஐகான் அணைந்திருந்தாலும் போன் அக்கம்பக்கத்து ரௌட்டர்களின் அடையாள எண்களைப் பொறுக்கிக்கொண்டே இருக்கும். எந்த ரௌட்டர் எங்கே என்ற பட்டியல் ஏற்கெனவே சர்வரில் இருக்கிறதே! சிக்னல் வலிமையை ஒப்பிட்டால் இடம் பிடிபட்டுவிடும்.

இரண்டையும் அணையுங்கள். ஆண்ட்ராய்டு 12, ஐஓஎஸ் 14 முதல், ஆப் அனுமதியில் துல்லிய இருப்பிடத்தை மட்டும் தனியே நிறுத்தலாம். வானிலை ஆப்புக்கு அது எதற்கு? சிம் டவரோடு பேசுவதை மட்டும் இதெல்லாம் தடுக்காது. அதற்கு ஏரோப்ளேன் மோடுதான்.