அந்த ஒருத்தர் வருகிற ஆட்டம்

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். வருகிற ஞாயிறு எழுவர் கால்பந்து தொடரில் எங்களுக்கு அரையிறுதி. எதிரணிக்கு ஒருத்தர் கெஸ்ட்டாக வருகிறார், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி ஆடியவர். ஒரு வாரமாக ஊரில் வேறு பேச்சே இல்லை. பிளெக்ஸில் அவர் படம்தான் பெரிது, எங்கள் பையன்களே அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். அவர்மேல் இரண்டு பேரை ஒட்ட வைக்கலாம் என்கிறார் கேப்டன். எனக்கோ அவர் ஆடுவதைப் பார்க்கவேண்டும் என்றுதான் இருக்கிறது, எங்களுக்கு எதிராகக் கோல் போட்டால்கூடக் கைதட்டிவிடுவேனோ என்று பயம். இது ஊருக்குச் செய்யும் துரோகமா?

(பெயர் போடவேண்டாம் அண்ணா. எதிரணி கோலி (கோல்கீப்பர்) என் அக்கா வீட்டுக்காரர்.)

அன்புள்ள தம்பி,

பெயர் போடவில்லை. ஆனால் அரையிறுதி, அக்கா வீட்டுக்காரர் கோலி என்று இவ்வளவு சொன்னபிறகு உங்கள் ஊரில் யாருக்கு உங்களைத் தெரியாமல் போகும்?

கைதட்டல் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். தட்டுங்கள். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலால் பெயர் வாங்கிய ஊர் உங்கள் பக்கத்து ஊர். கோயில் திருவிழாவில் இரண்டு மேள செட்டைக் கொண்டுவந்து எதிரெதிரே உட்காரவைத்து, எந்த ஊர் தவில் என்று பார்க்காமல் விடியவிடியத் தலையாட்டிய ஜனம் நாம். எதிராளி நன்றாகச் செய்தால் 'பலே' சொல்வது நமக்குப் புதிதில்லை. நீங்கள் ஆடுகிறவரா பார்க்கிறவரா என்று மட்டும் எழுதவில்லை. ஆடுகிறவர் என்றால் ஆட்டம் முடிந்தபிறகு தட்டுங்கள், அவ்வளவுதான்.

எனக்குக் கவலையாக இருப்பது உங்கள் கேப்டனின் அந்த இரண்டு பேர். இதில் நான் பட்டவன்.

எங்கள் ஊர் பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரை. டெல்டா என்றால் அறுத்த வயலில் பையன்கள் பந்தாடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள், அதெல்லாம் நடக்காது, சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே ஈரத்தில் உளுந்து தெளித்துவிடுவோம், அறுப்பு முடிந்து அதில் இறங்கினால் அப்பா காலை உடைப்பார். எங்களுக்கு மைதானம் தண்ணீர் இல்லாத ஆறுதான். ஜூனில் மேட்டூர் திறந்தால் சீசன் முடிந்தது. அப்படி ஒரு கோடையில், தொண்ணூறுகளில், பக்கத்து ஊர் அணி போலீஸ், ரயில்வே மாதிரி ஒரு துறை அணியின் ஆட்டக்காரரை இறக்குகிறது என்று சேதி வந்தது. அவ்வளவுதான், ஒரு வாரம் நாங்கள் தூங்கவில்லை. அவர் இடதுகால்காரர் என்றான் ஒருத்தன், இரண்டு காலும் ஓடும் என்றான் இன்னொருத்தன், டீக்கடையில் அவரைப் பார்த்தே இராத பெரியவர் ஒருவர் அவர் ஷாட்டில் கோல்கம்பம் விரிசல் விட்டதைச் சொன்னார். நானும் என் கூட்டாளியும் அவருக்குக் காவல் என்று முடிவானது.

ஆட்டத்தன்று அவர் கோட்டோரமாகப் போய் நின்றுகொண்டார். நாங்களும் போய் நின்றோம். ஒரு தடவை பூட்ஸ் கயிறு கட்ட உட்கார்ந்தார், என் கூட்டாளியும் பக்கத்தில் குந்திவிட்டான். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நாங்கள் இருவரும் அவரோடு கோட்டோரம் நிற்க, நடுவில் மிச்சமிருந்தவர்களை அவர்கள் மூன்று தடவை பிளந்தார்கள். அவர் ஒரு கோல்கூடப் போடவில்லை. எங்கள் வேலையை நாங்கள் சுத்தமாகச் செய்துவிட்டோம் பாருங்கள்!

2025 அக்டோபர் 22, கோவாவின் ஃபதோர்டாவில் எஃப்.சி. கோவாவுக்கும் ரொனால்டோவின் சவுதி அணியான அல் நசருக்கும் ஆட்டம். ஆகஸ்டில் ஆசிய கிளப் தொடரின் குலுக்கலில் இரண்டும் ஒரே பிரிவில் விழுந்த நாளிலிருந்து ரொனால்டோ இந்தியாவுக்கு வருவார் என்று நாடு முழுக்கக் காத்திருந்தது. அவர் வரவே இல்லை. பலருக்கு அங்கேயே ஆட்டம் முடிந்துவிட்டது. ஆனால் அவர் இல்லாமல் வந்த அதே அணி 2-1 என்று கோவாவை ஜெயித்துவிட்டுத்தான் போனது. கோவாவுக்கு பிரைசன் ஃபெர்னாண்டஸ் போட்ட கோல், ஒரு பெரிய அணிக்கு எதிராக நம்மவர் போட்டது. ரொனால்டோ வராத கோபத்தில் அதை யார் பேசினார்கள்?

இதற்கு நேர் எதிராக ஒன்று உண்டு. 1977 செப்டம்பர் 24, கல்கத்தா ஈடன் கார்டன், மழையில் ஊறிய தரை. நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு பெலே வந்திருக்கிறார், வயது 36, ஓய்வு பெற ஒரு வாரம்தான். அந்தக் கூட்டம் முழுக்க வந்தது அவர் ஒருவருக்காக. எதிரே ஆடிய கல்கத்தா அணி மோகன் பகானில் கௌதம் சர்க்கார் என்ற ஒரே ஒருத்தர்தான் அவரைப் பார்த்துக்கொண்டார், மற்றவர்கள் கால்பந்து ஆடினார்கள். ஷியாம் தாப்பா ஒரு கோல், ஹபீப் ஒரு கோல். ஆட்டம் 2-2. பெலே கோல் போடவில்லை. அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது பெலேவோடு சேர்த்துத் தங்கள் பையன்களையும் சொல்லிக்கொள்ள அந்த ஊருக்கு ஒரு ஆட்டம் கிடைத்தது.

மெஸ்ஸியை மடக்கிய சவுதியை உங்கள் கேப்டன் உதாரணம் காட்டினாலும் காட்டுவார், 2022 நவம்பர் 22, கத்தார் உலகக்கோப்பை, லுசைல், 36 ஆட்டம் தோற்காத அர்ஜென்டினா. பத்தாவது நிமிடம் மெஸ்ஸி பெனால்டி. அதற்கப்புறம் முதல் பாதியில் மூன்று தடவை பந்து வலைக்குள் போயும் மூன்றும் ஆஃப்சைடு (பந்து தட்டிவிடும் நேரத்தில் எதிரணியின் பின்வரிசையைத் தாண்டி நின்றால் கோல் செல்லாது), ஏனென்றால் சவுதியின் பின்வரிசை பயப்படாமல் மேலே ஏறி நின்றது. மெஸ்ஸிமேல் ஆளை ஒட்டவைத்து ஜெயித்த ஆட்டம் இல்லை அது. இடைவேளைக்குப் பின் 48, 53 என்று ஐந்தே நிமிட இடைவெளியில் இரண்டு கோல், மறுநாள் சவுதியில் பொது விடுமுறை. ஆனால் எழுவர் ஆட்டத்தில் பெரும்பாலும் ஆஃப்சைடு கிடையாது, உங்கள் தொடரிலும் அப்படியென்றால் இதை அப்படியே காப்பியடித்துவிடாதீர்கள், நான் பொறுப்பில்லை.

ஏழு பேரில் இரண்டு பேரை ஒருவர்மேல் கட்டினால், கோலி போக மிச்சம் நான்கு. அவர்களுக்கோ கோலியும் அந்த ஒருத்தரும் போக ஐந்து. ஒருத்தர் போதும் அவருக்கு, அதுவும் பந்து அவரிடம் வரும்போது மட்டும். அவருக்குப் பந்து எடுத்துக் கொடுக்கிற ஆள் ஒருவர் உள்ளூர்ப் பையனாக இருப்பான், பிளெக்ஸில் ஓரமாகச் சின்னப் படம். அவனை யாராவது பாருங்கள். யார் அந்தப் பையன் என்று அக்கா வீட்டுக்காரரிடம் கேட்டால் சொல்லமாட்டார். அக்காவிடம் கேளுங்கள்.