ஹெல்மெட் கப்படிக்கிறதா? முதலில் டிக்கியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: அண்ணா, ஹலசூரில் இருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் ஸ்கூட்டரில் போய் வருகிறேன். ஹெல்மெட் வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. மழை ஆரம்பித்ததில் இருந்து உள்ளே தலையை விட்டாலே குமட்டுகிறது. சென்ட் அடித்தேன், இரண்டே நாளில் இன்னும் மோசமாகிவிட்டது. உள்ளே பெட்ரோல் நனைத்துத் துடைத்தால் சரியாகிவிடும் என்கிறார் கூட வேலை செய்பவர். துடைக்கட்டுமா, இல்லை புதிதே வாங்கிவிடட்டுமா?

பதில்: பெட்ரோல் பக்கமே போகாதீர்கள் தம்பி. துணி உறைக்குப் பின்னால் தெர்மாகோல் மாதிரி ஓர் அடுக்கு இருக்கிறதே, விழும்போது அது நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்கிறது. பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எது பட்டாலும் அது கரைந்து குழி விழும். என் மைத்துனர் ஹெல்மெட்டில் ஸ்டிக்கர் பசையை எடுக்கிறேன் என்று ஒரு கடையில் தின்னர் போட்டார்கள். ஓரத்தில் வழிந்து உள்ளே இறங்கிவிட்டது. வீட்டில் வந்து உறையைக் கழற்றினால் கட்டைவிரல் நுழையும் அளவுக்குப் பள்ளம். அந்த ஹெல்மெட்டை அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டோம்.

உங்கள் ஹெல்மெட் அந்த நிலைக்கு வரவில்லை, துவைத்தாலே போதும். வியர்வைக்கு என்று பெரிய வாடை கிடையாது. அதோடு தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெயும் பொடுகும் சேர்ந்து ஃபோமில் ஊறிக் கிடக்க, ஈரத்தில் பாக்டீரியா பெருகி அதையெல்லாம் தின்னும்போதுதான் அந்த நாற்றம் வருகிறது. போதாததற்குப் பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். சென்ட் இதில் எதையும் எடுக்காது, மேலே இன்னொரு வாடையைச் சேர்க்கும், அவ்வளவுதான். அப்புறம், ஆபீஸ் போனதும் ஈர ஹெல்மெட்டையும் ரெயின்கோட்டையும் ஒன்றாகச் சுருட்டி டிக்கியில் போட்டுப் பூட்டுகிறீர்களா? அந்தப் புழுக்கத்தில் எட்டு மணி நேரம் கிடந்தால் புது ஹெல்மெட்டும் இதே கதிதான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி உட்காருங்கள், மழைக்காலத்தில் காய இரண்டு நாள் வேண்டும். கன்னத்துப் பக்கம் இருக்கும் இரண்டு பேடையும் உள்ளே விரலை விட்டு பட்டன் இருக்கும் இடத்திலேயே பிடித்து இழுங்கள், ஓரத்தைப் பிடித்து இழுத்தால் துணி கிழியும். எது எந்தப் பக்கம் என்று போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் குழந்தைகள் ஷாம்பு இரண்டு மூடி. அரை மணி நேரம் ஊறவிட்டு, உள்ளங்கையில் வைத்து ஸ்பாஞ்ச் மாதிரி அமுக்கி அமுக்கி விடுங்கள். முதல் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் வரும், பயப்பட வேண்டாம். நெற்றி படும் பட்டைக்கும் தாடை வாருக்கும் மட்டும் இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள், எண்ணெய் அதிகம் பிடிப்பது அங்கேதான். தண்ணீர் தெளியும் வரை அலசிவிட்டு, முறுக்காமல் துண்டில் வைத்து அழுத்தி எடுங்கள். சீயக்காய்த் தூள் மட்டும் வேண்டாம், துகள் ஃபோமுக்குள் தங்கிவிடும்.

உறை கழற்ற வராத மாடல் என்றால் ப்ளூடூத் இருந்தால் எடுத்துவிட்டு ஹெல்மெட்டுக்கு உள்ளேயே ஷாம்பு தண்ணீரை ஊற்றி விரலால் தேய்த்து அலசலாம். தெர்மாகோலுக்குத் தண்ணீர் ஆகாதது இல்லை, சூடுதான் ஆகாது. அதனால் கொதிநீர், ஹேர் டிரையர் இரண்டும் வேண்டாம், வெயிலும் தேவையில்லை. டேபிள் ஃபேனுக்கு முன்னால், உள்பக்கம் காற்றைப் பார்த்தபடி வையுங்கள். மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் பேடைக் கிள்ளிப் பாருங்கள், விரலில் குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

காய்ந்த பிறகும் லேசாக வாடை இருந்தால் ஆப்ப சோடாவைத் தூவி ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் பிரஷால் தட்டி எடுங்கள். கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்துப் போகவே மாட்டேன் என்றால் பேடை மட்டும் மாற்றலாம், பல மாடல்களுக்கு அது தனியாகவே கிடைக்கும். நாற்றத்துக்காக ஹெல்மெட்டையே மாற்ற வேண்டியதில்லை. ஒரு தடவை கீழே விழுந்து அடிபட்டிருந்தால் மட்டும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கர்நாடகாவில் பின்னால் உட்காருபவர்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பதால் கணவரின் பழைய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு சிவாஜி நகர் வரை போகிறேன். தலைக்குக் குளித்த நாளில் முடியெல்லாம் அந்த வாடை ஏறிவிடுகிறது. சில நாள் போடாமலே போய்விடுகிறேன்.

பதில்: 2016-லேயே வந்துவிட்ட சட்டம்மா அது, ஆனால் நான் சட்டத்துக்காகச் சொல்லவில்லை. வாடைக்குப் பயந்து வெறும் தலையோடு போகிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. ஈர முடியோடு மாட்டாதீர்கள், பத்து நிமிடம் ஃபேனில் உலர்த்திவிட்டுக் கிளம்புங்கள். பூவை இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். மெல்லிய பருத்தித் துணியோ ஹெல்மெட் கேப்போ உள்ளே போட்டு, அதைத் தினமும் துவைத்துவிட்டால் ஹெல்மெட்டை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துவைத்தால் போதும். துண்டு மாதிரித் தடித்த துணி வேண்டாம், அது நழுவி ஹெல்மெட்டைத் தளர்த்திவிடும். கணவரின் ஹெல்மெட் உங்களுக்குப் பெரிதாக இருந்தால், தலையை ஆட்டும்போது தனியாக ஆடும். அப்படி இருந்தால் உங்கள் அளவில் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இதில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: ஞாயிறு காலை நந்தி மலைக்கு ரைடு போகும் கூட்டத்தில் நானும் ஒருவன். ஜாக்கெட், கிளவுஸ், ஷூ மூன்றும் நாறுகிறது. வாஷிங் மெஷினில் போடலாமா?

பதில்: ஜாக்கெட்டின் லேபிளில் மெஷின் ஆகும் என்று இருந்தால் போடலாம். தோள், முழங்கை, முதுகில் இருக்கும் பாதுகாப்புத் தகடுகளை முதலில் உருவிவிடுங்கள், ஜிப், வெல்க்ரோ எல்லாம் மூடியிருக்கட்டும். குளிர்ந்த தண்ணீர், லிக்விட் சோப், மெதுவான சுற்று. கண்டிஷனர் ஊற்றாதீர்கள், நீர் புகாத லைனரின் நுண்துளைகளை அது அடைத்துவிடும்.

துணி கிளவுஸ் என்றால் கையில் மாட்டிக்கொண்டே சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், விரல் இடுக்கெல்லாம் சுத்தமாகும். தோல் கிளவுஸை ஊறவைக்கவே கூடாது, ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். ஷூவுக்குள் நியூஸ்பேப்பரைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்தில் அதை எடுத்துவிட்டு வேறு பேப்பர் வையுங்கள். முதல் பேப்பர் ஈரத்தை உறிஞ்சிவிட்டது, அதையே ராத்திரி முழுக்க விட்டால் காயாது.