சாவியைத் திருப்பும் முன்: வெள்ளநீரில் இறங்கிய கார்கள் குறித்து வாசகர் கேள்விகள்

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் கோவையில் ரயில் பாதைக்கு அடியில் செல்லும் சாலைகளில் நீர் தேங்குகிறது. திருப்பூரில் நொய்யலின் தரைப்பாலங்கள் மூழ்குகின்றன. மேட்டூர் அணை 120 அடியை எட்டி உபரிநீர் திறக்கப்படும் நாட்களில் பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோரத் தெருக்களுக்குள் காவிரி ஏறிவிடுகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே நம்பிக்கையைக் கண்டேன்: வண்டி ஓடுகிறது, ஆகவே பழுது ஏதுமில்லை என்பது. முப்பது ஆண்டுகளாகப் பணிமனையில் நான் கண்டது இதற்கு நேர்மாறானது என்பதால், சில விடைகளைச் சற்று விரித்தே எழுதியிருக்கிறேன்.

ரயில் பாலத்தின் அடியில் தேங்கிய நீரின் நடுவே என் பெட்ரோல் கார் நின்றுவிட்டது. இரண்டு முறை செல்ஃப் அடித்தும் கிளம்பவில்லை. ஆட்கள் தள்ளிக் கரையேற்றினார்கள். மறுநாள் வெயில் காய்ந்தபின் கிளம்பியது. இப்போது நன்றாகவே ஓடுகிறது. பணிமனைக்குக் கொண்டுபோக வேண்டுமா? (வாசகர், கணபதி, கோவை)

கட்டாயம் கொண்டுபோக வேண்டும். அதுவரை வண்டியை எடுக்காமலிருப்பது நல்லது.

எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயின் வாய் பல கார்களில் முன்புற கிரில்லுக்குப் பின்னே, விளக்கின் உயரத்தில்தான் இருக்கிறது. முன்னே செல்லும் பேருந்து கிளப்பும் அலை அந்த உயரத்தைத் தொட்டால் போதும், காற்றோடு நீரும் உள்ளே போய்விடும். காற்றை அழுத்திச் சுருக்கலாம், நீரைச் சுருக்க முடியாது. 1,200 சிசி கொண்ட நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் அளவு 300 சிசி. அழுத்த விகிதம், அதாவது காற்று எத்தனையில் ஒரு பங்காகச் சுருக்கப்படுகிறது என்பது, பத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தலைக்கு மேல் எஞ்சும் இடம் ஏறத்தாழ 33 மில்லிதான். குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடையில் இரண்டு மூன்று முறை அளந்தால் தீர்ந்துபோகிற அளவு அது. அதற்கு மேல் நீர் புகுந்துவிட்டால் பிஸ்டன் மேலே ஏற வழியின்றி நிற்கிறது. ஏற்றும் விசையோ நிற்பதில்லை. இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட கனெக்டிங் ராடு, அதாவது பிஸ்டனை ஏற்றி இறக்கும் தண்டு, வளைகிறது. டீசல் எஞ்சினில் அழுத்த விகிதம் பதினாறு, பதினேழு என்று இருப்பதால் அந்த இடம் இன்னும் குறுகியது, ஆபத்தும் கூடுதல்.

உங்கள் வண்டியில் இது நடந்தது என்று நான் சொல்லவில்லை. வயரிங்கில் நீர் பட்டு எஞ்சின் நின்றிருக்கலாம். மறுநாள் ஈரம் உலர்ந்ததும் கிளம்பியதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். ஆனால் ராடு முறியாமல் சிறிதளவு மட்டும் வளைந்திருந்தாலும் எஞ்சின் கிளம்பும், ஓடவும் செய்யும். பல நூறு அல்லது சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் ஒருநாள் நெடுஞ்சாலையில் முறிந்து, எஞ்சின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். எங்கள் பணிமனைக்கு அப்படி வந்த ஒரு வண்டியின் உரிமையாளர், மூன்று மாதங்களுக்கு முன் நீரில் நின்றதையும், தாம் மீண்டும் மீண்டும் செல்ஃப் அடித்ததையும் வெகுநேரம் கழித்தே நினைவுகூர்ந்தார். நீர் தானாகச் செய்யும் கேட்டைவிட, நின்ற வண்டியைக் கிளப்ப நாம் செய்யும் முயற்சியே பெரும்பாலும் எஞ்சினைக் கொல்கிறது.

முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஃபில்டர் தாள் நனைந்து சுருங்கிய தடமோ, பெட்டியின் அடியில் சேற்றுப் படிவோ இருந்தால் நீர் உள்ளே போயிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அடுத்து ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள்; அளவு மேலேறியிருந்தாலோ, ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலோ நீர் கலந்துவிட்டது. ஆயில் மூடியின் உட்புறத்தில் மட்டும் மெல்லிய வெண்படலம் இருந்தால் அஞ்ச வேண்டாம். குளிர்நாட்களில் சிறுதொலைவே ஓடும் வண்டிகளிலும் அது வரும். மூன்றாவதாக, எல்லாச் சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும், அதாவது உள்ளே எழும் காற்றழுத்தத்தையும், அளக்க வேண்டும். ஒன்றில் மட்டும் குறைவாக இருந்தால், அந்தப் பிஸ்டன் உச்சிவரை ஏறுகிறதா என்று ஸ்பார்க் பிளக் துளை வழியே அளந்து பார்த்துவிடலாம். எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை.

இனி எப்போதாவது நீரில் வண்டி நின்றால் சாவியை அணைத்துவிட்டுத் தள்ளி வெளியேற்றுங்கள். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, டீசல் வண்டியாயின் ஹீட்டர் பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றி, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்கை ஸ்பேனரால் கையால் சுற்றி நீரை வெளியேற்றிய பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும்.

நொய்யல் தரைப்பாலத்தில் பாதிச் சக்கர உயரம் ஓடிய நீரைக் கடந்து வந்தேன். வண்டி நிற்கவேயில்லை. மறுநாள் காலையில் பின்சக்கரம் சுழலாமல் இழுத்தது. இப்போது இரண்டு வாரமாக 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ரீங்காரம் கேட்கிறது. (வாசகர், திருப்பூர்)

இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். இரவு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு நிறுத்தியிருப்பீர்கள். நம் ஊர்க் கார்களில் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது டிரம் பிரேக்; அதற்குள் புகுந்த நீரும் வண்டலும் எளிதில் வெளியேறுவதில்லை, ஓரிரவிலேயே ஷூவும் டிரம்மும் துருவால் ஒட்டிக்கொள்கின்றன. டிரம்மைக் கழற்றி வண்டலைக் கழுவித் துடைத்தால் சரியாகும். நீரைக் கடந்த உடனே மெதுவாக ஓட்டிக்கொண்டு பிரேக்கை இலேசாகப் பலமுறை அழுத்தி உலர்த்தியிருக்க வேண்டும். அன்றிரவு சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்துவதே முறை.

ரீங்காரம் வீல் பேரிங்கினுடையது. நீர் உள்ளே புகுந்து கிரீஸ் கெட்டால் பேரிங் உடனே சத்தமிடாது, சில வாரங்கள் எடுத்துக்கொள்ளும். வேகத்தோடு சத்தமும் கூடுகிறதா, வளைவில் மாறுகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் மாற்றிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

நொய்யல் நீரைப் பற்றித் தனியே ஒன்று சொல்ல வேண்டும். சாயக்கழிவின் உப்பைச் சுமந்து, ஒரத்துப்பாளையம் அணையையே பாழாக்கிய ஆறு அது; சாக்கடையும் அதில் கலக்கிறது. உப்பும் கழிவும் கலந்த நீர், மழைநீரைவிட விரைவாக இரும்பை அரிக்கும். ஆகவே வண்டியின் அடிப்பகுதியை நல்ல நீரால் நன்கு கழுவுங்கள். கியர்பாக்ஸ் ஆயிலையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சூடான கியர்பாக்ஸ் திடீரெனக் குளிரும்போது அதன் மூச்சுக்குழல் நீரை உள்ளே இழுத்திருக்கக்கூடும். இன்னொன்று, மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன்: ஓடும் நீரில் ஓரடி ஆழமே சிறிய காரை மிதக்கச் செய்யப் போதுமானது. நீங்கள் தப்பியது நல்வாய்ப்பு. மறுமுறை சுற்றுவழியில் செல்லுங்கள்.

காவிரி எங்கள் தெருவுக்குள் ஏறியபோது, நிறுத்தியிருந்த கார் இருக்கையின் அடிவரை இரண்டு நாள் நீரில் நின்றது. கதவுகளைத் திறந்துவைத்துக் காயவைத்து, சாம்பிராணியும் போட்டுவிட்டோம். நாற்றம் போகவில்லை. (வாசகி, பவானி)

அம்மா, நாற்றம் மேலே தெரியும் விரிப்பிலிருந்து வருவதில்லை. அதன் அடியில் ஒட்டியிருக்கும் தடித்த பஞ்சு நீரைக் குடித்து வைத்திருக்கிறது. கதவைத் திறந்துவைத்தால் மேற்பரப்பு மட்டும் உலரும், பஞ்சுக்குள் வாரக்கணக்கில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். இருக்கைகளைக் கழற்றி, விரிப்பைப் பஞ்சோடு முழுவதுமாக வெளியே எடுத்து, தரைத்தகட்டின் ரப்பர் மூடிகளைத் திறந்து வடியவிட்டு, கழுவி வெயிலில் உலர்த்துவது ஒன்றே வழி. மூடிய காருக்குள் சாம்பிராணித் தணல் வைப்பது தீ விபத்துக்கு இடமளிப்பதால் தயவுசெய்து மீண்டும் செய்ய வேண்டாம்.

நாற்றத்தைவிட எனக்குக் கவலை தருவது வயரிங். இருக்கைகளின் அடியிலும் கியர் லீவரை ஒட்டியும் ஓடும் வயர்களை இணைக்கும் கப்ளர்களில் நீர் நின்றால், செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு படரும். பல கார்களில் ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டியும் அதே இடத்தில், தரையை ஒட்டித்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. இன்று எல்லாம் வேலை செய்யும். மூன்று மாதம் கழித்து ஒரு கண்ணாடி இறங்காது, பிறகு ஒரு விளக்கு தானாக எரியும், விபத்து நேரத்தில் ஏர்பேக் விரியாமலும் போகலாம். பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கப்ளரையும் பிரித்துத் துடைத்து, உலர்த்தி, மின் இணைப்புக்கான ஸ்பிரே அடித்துப் பொருத்தக்கூடிய ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். பொறுமை வேண்டிய வேலை. அரை நாளில் முடித்துத் தருவதாகச் சொல்பவரிடம் கொடுக்க வேண்டாம். எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில் மூன்றையும் மாற்றிய பிறகே வண்டியைக் கிளப்ப வேண்டும்.

காப்பீடு இந்தச் செலவை ஏற்குமா? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் ஏற்காது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்திருந்தால் வெள்ளச் சேதம் அதில் அடங்கும். ஆனால் நீரில் நின்ற எஞ்சினை மீண்டும் கிளப்பியதால் ராடு வளைந்தது என்றால், அதைப் பின்விளைவுச் சேதம் என்று கூறிப் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் பிரிவுக்குத் தனியே பணம் கட்டியிருந்தால்தான் அது கிடைக்கும், அதிலும் நிபந்தனைகள் உண்டு. நீர்மட்டம் தெரியும்படி படம் எடுத்து, அன்றே தகவல் தந்து, காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் பார்க்கும் முன் எதையும் பிரிக்காதீர்கள். பழுது பார்க்கும் செலவு, பாலிசியில் குறித்துள்ள வண்டி மதிப்பின் 75 விழுக்காட்டைத் தாண்டினால் முழு இழப்பாகக் கருதப்படும்.

மின்சாரக் கார் தென்னந்தோப்பில் முழங்கால் நீரில் ஒரு மணி நேரம் நின்றது. சார்ஜ் போடலாமா? (வாசகர், பொள்ளாச்சி)

போட வேண்டாம். பேட்டரிப் பெட்டிக்கு ஐபி67 தரம் இருப்பதாக விற்பனையின்போது சொல்லியிருப்பார்கள். அது 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்குவதற்கான சோதனை. உங்கள் வண்டி அதைவிட நெடுநேரம் நின்றிருக்கிறது. ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடாமல், நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்கு வண்டியை ஏற்றி அனுப்பி, மின்காப்பைச் சோதித்த பிறகே சார்ஜ் போடுங்கள். அதுவரை வீடு, கட்டுத்தரை, தேங்காய் நார்க் குவியல் ஆகியவற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி நிறுத்துங்கள். நனைந்த லித்தியம் பேட்டரி சில நாட்கள் கழித்தும் தீப்பற்றக்கூடும்.

நீர் வடிந்த பிறகு வண்டி திணறித் திணறி ஓடுகிறது. (வாசகர், கரூர்)

பெட்ரோல் டேங்க்கில் நீர் கலந்திருக்கலாம். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது; அது நீரை ஈர்த்துக்கொண்டு, அளவு மிஞ்சியதும் நீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும், பம்ப்பும் அதையே இழுக்கும். டேங்க்கை வடித்துச் சுத்தம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. டீசல் வண்டியாயின் ஃபில்டரின் அடியில் நீரை வடிக்கும் திருகு இருக்கும்; முதலில் அதைத் திறந்து பாருங்கள்.

நான்கு ஆண்டு ஓடிய பழைய கார் ஒன்று மலிவாக வருகிறது. சென்னைப் பதிவு எண். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று எப்படி அறிவது? (வாசகர், காங்கேயம்)

சென்னைப் பதிவு என்பதாலேயே ஒதுக்க வேண்டாம். ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அங்கே ஏராளமான கார்கள் மூழ்கின என்பதை மனத்தில் கொண்டு பாருங்கள். காளை வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்கள் நீங்கள். இங்கேயும் விற்பவர் மெருகிடாத இடங்களைத்தான் பார்க்க வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். சுருளுக்குள் இருந்த பகுதியில் வண்டல் கறை கோடாகத் தெரியும். இருக்கையின் அடித்தண்டவாளம், பெடல்களின் மேற்பகுதி, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி ஆகியவற்றில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய வண்டியில் விரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலோ, வாசனைத் தைலம் மூக்கைத் துளைத்தாலோ காரணம் கேளுங்கள். முந்தைய ஆண்டுகளின் காப்பீட்டுத் தாள்களையும் கேட்டு வாங்குங்கள். இழப்பீட்டுக் கோரிக்கை எழுப்பாத உரிமையாளருக்கு ஆண்டுதோறும் 20 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை உயர வேண்டிய பிரீமியச் சலுகை, ஏதோ ஓர் ஆண்டில் திடீரெனச் சுழியமாகியிருந்தால் அந்த ஆண்டு என்ன நடந்தது என்று விற்பவர் சொல்லியாக வேண்டும்.

கடைசியாகச் சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் டேஷ்போர்டைப் பாருங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் பழுது இருக்கிறது. எரியவே இல்லையென்றால் பழுதை மறைக்க யாரோ அந்த விளக்கைத் துண்டித்திருக்கக்கூடும். அப்படிப்பட்ட வண்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.