பாடியா, லென்ஸா? மச்சான் கார்டா?

கேள்வி: எனக்கு வயது 33. கோவில்பட்டியில் சின்ன போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், சடங்கு, காதுகுத்து ஆர்டர்கள்தான் பிழைப்பு. நாலைந்து வருடமாகக் கபடி, வாலிபால், ஹாக்கிப் போட்டிகளும் எடுக்கிறேன். மனசு முழுக்க அதில்தான். என்னிடம் இருப்பது கேனான் 7டி மார்க் 2 கேமரா பாடியும் 55-250 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸும். பகல் மேட்ச் பரவாயில்லை. இரவுக் கபடியில் படம் புள்ளி புள்ளியாக வருகிறது, ரைடரின் கை கால் அசைந்து போகிறது. ஆர்7 மிரர்லெஸ் பாடி வாங்கச் சொல்கிறார்கள், கடையில் ரூ.1,25,000 சொன்னார்கள். இன்னொருவர் பழைய 70-200 எஃப் 2.8 லென்ஸை ரூ.80,000க்குத் தருவதாகச் சொல்கிறார். மச்சான் (மனைவியின் அண்ணன்) தன் கிரெடிட் கார்டில் 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐ போட்டுத் தருகிறேன் என்கிறார். லேப்டாப், ட்ரோன் இரண்டும் ஏற்கெனவே அவர் கார்டில் வாங்கியவைதான். லேப்டாப்புக்கு மாதம் 4,000, இன்னும் 9 தவணை. ட்ரோனுக்கு 3,400, இன்னும் 5 தவணை. ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஸ்டுடியோ செலவு போக வீட்டுக்கு மாதம் 35,000 வரும். விளையாட்டுப் படங்களில் மட்டும் வருடத்துக்கு 90,000 வசூல். கையில் 40,000 இருக்கிறது. மச்சான் வீட்டு விசேஷத்துக்கும் அவர் அனுப்பும் ஆட்களுக்கும் பணம் வாங்குவதில்லை. போன வருடம் அப்படி ஐந்து செய்தேன், இரண்டு முகூர்த்த நாளில் விழுந்ததால் வந்த கல்யாண ஆர்டரை விட்டுவிட்டேன். வீட்டில் தினமும் இதே பேச்சு, தூக்கம் வரமாட்டேன் என்கிறது. பாடி வாங்கவா, லென்ஸ் வாங்கவா?

பதில்: லென்ஸ். ஆனால் அந்த 80,000 ரூபாய் லென்ஸ் இப்போது வேண்டாம்.

இரவு மைதானத்தில் உங்களுக்குக் குறைவது வெளிச்சம். உங்கள் லென்ஸை 200 மில்லிமீட்டர் பக்கம் ஜூம் செய்தால் எஃப் 5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் சின்னதானால் லென்ஸின் வாய் பெரிது). 2.8 லென்ஸ் அதே இடத்தில் நாலு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஐஎஸ்ஓ (ஏற்ற ஏற்றப் படத்தில் புள்ளி கூடும்) 12,800 வைக்க வேண்டிய இடத்தில் 3,200 போதும், ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கிலேயே நிற்கும். ஆர்7 நல்ல பாடி, மறுக்கவில்லை. ஆளைத் தொடர்ந்து பிடிக்கும் ஃபோகஸ் அதில் ரொம்பவே மேல். ஆனால் அதன் முன்னால் அதே 55-250ஐ மாட்டினால் உள்ளே வரும் வெளிச்சம் இன்று வருகிற அளவுதான். பாடியை மாற்றி நாலு மடங்கு வெளிச்சத்தின் பலனைப் பெற முடியாது. உங்கள் 7டி மார்க் 2 ஒன்றும் லேசுப்பட்டதல்ல. நொடிக்குப் பத்து படம் எடுக்கும். மின்விளக்குத் துடிப்பைச் சமாளிக்கும் வசதி கேனானில் முதலில் வந்ததே அந்த மாடலில்தான். இரவு மைதானத்தில் அதன் அருமை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். கோட்டை ஒட்டி உட்கார்ந்து எடுக்கிற உங்களுக்கு 200 எதற்கு? 85 எஃப் 1.8 லென்ஸ் பழையது நல்ல நிலையில் 20,000 முதல் 25,000க்குள் கிடைக்கும், 22,000 என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தூரத்தில் உங்கள் 55-250 சுமார் 4.5 வரை திறக்கும். 4.5ஐ 1.8ஆல் வகுத்தால் 2.5, அதை அதனாலேயே பெருக்கினால் ஆறு மடங்கு. எண்பதாயிரம் ரூபாய் லென்ஸ் கபடியில் தருவதைவிட அதிக வெளிச்சம் கிட்டத்தட்ட கால்வாசி விலையில். அதற்கும் முன்னால் ஒன்று: கல்யாணத்துக்கு 50 எஃப் 1.8 வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த இரவு மேட்சுக்கு அதை மாட்டிப் பாருங்கள். ஃபோகஸ் கொஞ்சம் மெதுவாக இருக்கும், ஆனால் வெளிச்சம் என்ன செய்யும் என்பது ஒரு ரூபாய் செலவில்லாமல் தெரிந்துவிடும். பகல் ஹாக்கிக்கு 55-250 போதும். மாலை நேர ஹாக்கிக்கு மட்டும் 70-200ஐ வாடகைக்கு எடுங்கள். நாள் வாடகை 1,200 என்றால், 80,000க்கு அறுபத்தாறு நாள் எடுக்கலாம்.

சரி, லென்ஸ் கதை முடிந்தது. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது வேறு. நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டு, கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

மச்சான் கார்டில் வட்டி இல்லை என்று நினைக்கிறீர்கள். போன வருடக் கணக்கைப் போடுவோம். ஐந்து விசேஷத்தில் அவர் மகள் சடங்கோ, வீட்டுப் பால்காய்ப்போ ஒன்றை விட்டுவிடுகிறேன். அது அத்தை வீட்டுச் சீர், செய்யத்தான் வேண்டும். மீதி நாலு. சும்மா கிடந்த நாளில் எடுத்த இரண்டுக்கு ஆல்பம் பிரிண்ட், உதவியாள் கூலி என்று தலா 5,000 கைக்காசு போயிருக்கும், அது 10,000. முகூர்த்த நாளில் விட்ட ஆர்டர் இரண்டிலும் செலவு போக தலா 18,000 நின்றிருக்கும் என்று குறைத்தே வைக்கிறேன். அத்துடன் இலவசமாகச் செய்ததன் செலவு தலா 5,000. அது 46,000. மொத்தம் 56,000.

இதே வருடத்தில் அவர் கார்டில் உங்கள் கடன் எவ்வளவு நின்றது? இப்போது மீதி 53,000. வருடம் முழுக்க இரண்டு தவணையும் ஓடியது என்று வைத்தால், மாதம் 7,400 வீதம் கட்டியதையும் சேர்த்து ஆரம்பத்தில் சுமார் 1,42,000. சராசரி 97,000. அந்த 97,000க்கு நீங்கள் கொடுத்த விலை 56,000. நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. வீட்டு நகையை 12 சதவீதத்துக்கு அடகு வைத்திருந்தால்கூட 11,600 ரூபாயில் முடிந்திருக்கும். உங்கள் மச்சான் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவர் இந்தக் கணக்கைப் போட்டே பார்த்திருக்க மாட்டார். கார்டு கொடுத்த மனுஷனிடம் எப்படிக் காசு கேட்பது என்று நீங்கள் கூச்சப்படுகிறீர்கள், அந்தக் கூச்சம் வருடத்துக்கு அரை லட்சத்துக்கு மேல் தின்கிறது. மூன்றாவதாக ஒரு 1,25,000 ஏறினால் இந்த வருடம் எத்தனை முகூர்த்தம் போகும்?

இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. இத்தனை மாதமாக ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியிருக்கிறீர்கள். அந்த ஒழுக்கம் முழுவதும் யார் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறுகிறது? அவருடையதில். நாளை நீங்கள் முத்ரா என்கிற சிறுதொழில் கடனுக்கு வங்கிக்குப் போனால், உங்கள் பேரில் காட்ட ஒன்றும் இருக்காது. ஒரு மாதம் உங்களால் கட்ட முடியாமல் போனால் அடி விழுவது அவர் சிபில் ஸ்கோரில். அப்புறம் நடுவில் நிற்பது உங்கள் மனைவி.

நோ காஸ்ட் இஎம்ஐ பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பண்டிகை விளம்பரங்களைப் பார்த்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லிவிட்டது. வங்கி வட்டி போடுகிறது, அந்த அளவுக்கு விற்பவர் தள்ளுபடி காட்டுகிறார், அவ்வளவுதான். 16 சதவீத வட்டி என்றால் உங்கள் 1,25,000க்குள் வட்டி மட்டும் பத்தாயிரத்துச் சொச்சம். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 1,800, அதற்கு மேல் பிராசஸிங் கட்டணம், இரண்டும் உங்கள் தலையில். ரொக்கமாக வந்தால் அந்தப் பத்தாயிரத்தைக் குறைப்பீர்களா என்று கடையில் கேட்டுப் பாருங்கள். பல கடைகளில் ஒரு பகுதியாவது குறைப்பார்கள். தவணையும் சின்னதல்ல: 10,400 புதிது, 7,400 பழையது, மொத்தம் 17,800. முப்பத்தைந்தில் பாதிக்கு மேல். ஆடி மாதமும் மார்கழியும் என்ன செய்வீர்கள்?

புது பாடி வந்தால் போட்டிக் கமிட்டி ஒரு இரவுக்கு எவ்வளவு கூட்டித் தரும் என்று உங்களையே கேளுங்கள். எனக்குத் தெரிந்து ஒன்றும் கூட்டாது, அவர்கள் பாடியின் பேரைக் கேட்பதில்லை. 90,000 வசூலில் பஸ், சாப்பாடு, கூலி என்று மூன்றில் ஒரு பங்கு போனால் 60,000 நிற்கும். பாடி இரண்டு வருடத்துக்கு மேல் அதை விழுங்கும். 22,000 ரூபாய் லென்ஸ் ஐந்து மாதத்துக்குள் திரும்பி வந்துவிடும், பின்னாளில் மிரர்லெஸ் வாங்கினாலும் அடாப்டர் போட்டு அதிலேயே ஓடும். பாடியின் மறுவிற்பனை விலை புது மாடல் வந்த அன்றே இறங்கும், லென்ஸ் அவ்வளவு சீக்கிரம் இறங்காது.

ஆகவே, கையில் உள்ள 40,000இல் 22,000க்கு 85ஐ வாங்குங்கள். மீதி 18,000ஐத் தொட வேண்டாம். ஐந்து மாதத்தில் ட்ரோன் முடிந்ததும் அந்த 3,400ஐ மாதாமாதம் வங்கி ஆர்டியில் (தொடர் வைப்பில்) போடுங்கள், லேப்டாப் முடிந்ததும் 7,400 முழுவதையும் போடுங்கள். பதினெட்டாவது மாதம் 80,000 சேர்ந்துவிடும். அப்போது 70-200ஐ ரொக்கமாக வாங்கலாம், கபடி, ஹாக்கி இரண்டிலும் எது கூடுதலாகப் பணம் தருகிறது என்பதும் அதற்குள் தெரிந்திருக்கும்.

மச்சானிடம் கார்டு வேண்டாம் என்று சொல்லும்போதே மற்றதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். "மச்சான், உங்க வீட்டு விசேஷம் என்றைக்கும் என் பொறுப்பு. நீங்க அனுப்புற ஆளுங்களுக்கு ஆல்பம், கூலி செலவை அவங்க தரணும். முகூர்த்த நாள் மட்டும் ஸ்டுடியோவுக்கு." மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள், அண்ணனிடம் அவர் சொன்னால் இன்னும் நல்லது. மூன்று மாதம் முகம் சுளிப்பார், பழைய தவணைகள் தேதி தவறாமல் போய்ச் சேர்ந்தால் சரியாகிவிடும்.

புது பாடி நியாயமாகிற ஒரு நிலைமை உண்டு. 7டி மார்க் 2இன் ஷட்டர் இரண்டு லட்சம் படத்துக்கு என்று சொல்லி விற்றது. நாலைந்து வருடம் கல்யாணமும் கபடியும் எடுத்திருக்கிறீர்கள். சர்வீஸ் சென்டரில் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு லட்சம் தாண்டியிருந்தால் அந்த ஆர்டியை 70-200க்கு என்று வைக்காமல் பாடிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே ட்ரோன், லேப்டாப் பில் யார் பேரில் இருக்கிறது என்றும் பாருங்கள். மச்சான் பேரில் இருந்தால் அவற்றை உங்கள் தொழில் செலவில் காட்டவோ, இன்சூரன்ஸ் கேட்கவோ போகும்போது தகராறு வரும். 85 வாங்கும் அன்று பில் ஸ்டுடியோ பேரில் இருக்கட்டும், பழைய லென்ஸ் என்றால் விற்பவரிடம் சீரியல் எண்ணோடு கையெழுத்துப் போட்ட ரசீதாவது வாங்கிக்கொள்ளுங்கள்.