இடப்பக்கம் திரும்பும் வண்டிகள்: நாஸ்கார் கேள்வி பதில்

அமெரிக்காவின் கார் பந்தயமான நாஸ்கார் பற்றி யார் எது கேட்டாலும் பதில் சொல்கிறேன் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். நினைத்ததைவிட அதிகமாகவே கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் மெக்கானிக் இல்லை, அந்தத் துறையில் வேலை செய்பவனும் இல்லை. வட கரோலினாவின் சார்லட்டில் குடியிருக்கும் ரசிகன், அவ்வளவுதான். பெரும்பாலான அணிகளின் பட்டறைகள் இந்த ஊரைச் சுற்றித்தான் இருக்கின்றன. அதனால் விரும்பாமல் இருப்பதுதான் இங்கே கஷ்டம்.

கேள்வி: வட்டமா சுத்திச் சுத்தி இடப்பக்கமே திரும்புறாங்க. மூணு மணி நேரம் இதுல பார்க்க என்ன இருக்கு அண்ணா?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். நானும் கேட்டிருக்கிறேன்.

முதலில் ஒன்று: எல்லா டிராக்கும் ஒன்று இல்லை. மார்ட்டின்ஸ்வில் அரை மைலுக்குக் கொஞ்சம் அதிகம், வளைவுகள் கிட்டத்தட்டத் தட்டை. டல்லடேகா 2.66 மைல், வளைவில் சாய்வு 33 டிகிரி. அந்தச் சாய்வில் நடந்து ஏறினால் கையையும் ஊன்ற வேண்டிவரும். டார்லிங்டன் முட்டை வடிவம். நிலத்தை விற்றவர் தன் மீன்குளத்தைத் தொடக் கூடாது என்றதால் ஒரு முனையை மட்டும் குறுக்கிக் கட்டினார்கள். இன்றும் அங்கே ஒரு முனைக்கு வண்டியைச் சரிசெய்தால் மறு முனையில் உதைக்கும். ஒரு குளத்துக்காக 1950 முதல் ஓட்டுநர்கள் படும் பாடு அது.

அடுத்தது, ஒரே வளைவில் 400 முறை திரும்பினாலும் ஒரு முறை போல இன்னொரு முறை இருப்பதில்லை. டயர் தேய்கிறது, பெட்ரோல் குறைந்து எடை மாறுகிறது, பக்கத்தில் ஒரு வண்டி வந்து நின்றாலே காற்று மாறி நம் வண்டி ஆடுகிறது. வேகத்தைப் பார்க்காதீர்கள். இரண்டு வண்டிகளுக்கு நடுவில் இருக்கும் அந்த ஒரு சாண் இடைவெளியைப் பாருங்கள். நாஸ்கார் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: நான் ஃபார்முலா ஒன் ரசிகன். அங்கே ஓட்டுபவர்கள் இங்கே வந்தால் சுலபமாக ஜெயிப்பார்கள்தானே?

ஹுவான் பாப்லோ மொன்டோயா எஃப் ஒன்னில் 7 ரேஸ் ஜெயித்தவர். நாஸ்காரின் முதன்மைத் தொடரான கப்பில் முழு சீசன்களாகப் பல வருடம் ஓட்டினார். ஜெயித்தது இரண்டு, 2007-இல் சொனோமா, 2010-இல் வாட்கின்ஸ் க்ளென். இரண்டுமே இரு பக்கமும் திரும்பும் சாலை டிராக்குகள். இடப்பக்கமே திரும்பும் ஓவல் டிராக்கில் ஒன்றுகூட இல்லை. மறுபக்கம், நியூசிலாந்தின் ஷேன் வான் கிஸ்பெர்கன் 2023-இல் சிகாகோ தெருப் பந்தயத்தில் தன் முதல் கப் ரேஸையே ஜெயித்துவிட்டார். ஆக, சாலை டிராக்குக்குத் திறமையை வெளியிலிருந்து கொண்டுவரலாம். ஓவலை இங்கே வந்துதான் கற்க வேண்டும். இந்த வண்டி எஃப் ஒன் வண்டியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை. தரையோடு அழுத்திப் பிடிக்கும் காற்றும் குறைவு.

கேள்வி: அணியோடு பேசும் வானொலியில் ஓட்டுநர்கள் "டைட்", "லூஸ்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்களே, அது என்ன?

ஸ்டியரிங்கைத் திருப்பியும் முன்சக்கரம் கேட்காமல் வண்டி நேராகச் சுவரைப் பார்த்துப் போனால் டைட். முன்பக்கம் திரும்பி, பின்பக்கம் வெளியே வழுக்கிக்கொண்டு போனால் லூஸ். இந்த இரண்டு வார்த்தை புரிந்தால் பாதி நாஸ்கார் புரிந்த மாதிரி.

இதை நான் கற்றது சார்லட்டின் 600 மைல் ரேஸில். மே மாதக் கடைசி ஞாயிறு வாக்கில், மெமோரியல் டே விடுமுறைக்கு முன்தினம் நடக்கும். மாலை வெயிலில் ஆரம்பித்து இரவில் முடியும். வெயிலில் தார் கொதித்து வழுக்கும், இருட்டிய பிறகு குளிர்ந்து டயரைப் பிடித்துக்கொள்ளும். ஆறு மணிக்கு அருமையாக ஓடிய வண்டி ஒன்பது மணிக்கு வேறு வண்டி. அன்று அந்த வானொலிப் பேச்சைக் கேட்க உதவும் ஸ்கேனர் கருவியை ஒரே ஓட்டுநருக்கு வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் கேட்டேன். முதலில் "நடுவில் லூஸ்" என்றார். டயர் மாற்ற, பெட்ரோல் போட வண்டி நிற்கும் பிட்டில் டயர்க் காற்றைக் கொஞ்சம் மாற்றினார்கள். அரை மணி கழித்து "இப்போது சரி". இருட்டியதும் "டைட், ரொம்ப டைட்" என்று குரலே மாறிவிட்டது. குழுத் தலைவர் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. "சரி, எந்த இடத்தில்? நுழையும்போதா, வெளியே வரும்போதா?" என்று மருத்துவர் நோயாளியிடம் கேட்பதைப் போலக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு பிட்டிலும் ஒரு சின்ன மருந்து. இருபதாவது இடத்திலிருந்து ஆறாவது இடத்துக்கு வந்து முடித்தார்கள். தொலைக்காட்சியில் அந்த வண்டியை இரண்டு முறை காட்டியிருந்தால் அதிகம். எனக்கு அந்த இரவின் ரேஸ் அதுதான்.

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து): நம் நரேன் கார்த்திகேயன் நாஸ்காரில் ஓட்டியிருக்கிறார் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். உங்கள் ஊர்க்காரர் 2005-இல் எஃப் ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். 2010-இல் நாஸ்காரின் டிரக் தொடருக்கு வந்தார். பிக்கப் டிரக் வடிவ வண்டிகள் ஓடும், தேசிய அளவில் மூன்றாவது படி அது. முதல் ரேஸே மார்ட்டின்ஸ்வில். அவ்வளவு சின்ன, முட்டி மோதும் டிராக்கில் முதல் நாளே 13-ஆவதாக முடித்தார். ஓவல் பழக்கம் இல்லாத ஒருவருக்கு அது நல்ல முடிவு என்று நான் மனதார நம்புகிறேன். அந்த வருடம் ரசிகர்கள் வாக்களித்து டிரக் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநராகவும் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் இன்னும் இரண்டு மூன்று வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும்.

கேள்வி: கள்ளச்சாராயம் கடத்தியவர்கள்தான் இதை ஆரம்பித்தார்களாமே?

ஆரம்பித்து அமைப்பாக்கியவர் பில் ஃபிரான்ஸ், 1948-இல், டேடோனா பீச்சில். ஆனால் ஓட்டியவர்களில் பலர் சாராய வண்டி ஓட்டிப் பழகியவர்கள் என்பது சரி. 1949 ஜூனில் சார்லட்டில் நடந்த, இன்றைய கப் தொடரின் முதல் பந்தயத்தில் முதலாவதாக வந்த க்ளென் டனவேயின் வண்டியைச் சோதித்தார்கள். சாராயப் பாரம் ஏற்ற வசதியாகப் பின் ஸ்பிரிங்கை மாற்றியிருந்தது தெரிந்தது. வெற்றியைப் பிடுங்கி ஜிம் ரோப்பருக்குக் கொடுத்தார்கள். விதிமீறலைச் சோதித்துப் பிடிக்கும் வழக்கமும் முதல் நாளே பிறந்துவிட்டது.

கேள்வி: டேல் எர்ன்ஹார்ட் இறந்த பிறகு பார்ப்பதை விட்டவர்கள் உண்டு என்கிறார்கள். அவர் அவ்வளவு பெரியவரா?

அவர் ஓடிய காலத்தில் நான் இங்கே இல்லை. நான் அவரை அறிந்தது மற்றவர்களின் முகத்தில். என் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் மேசையில், எர்ன்ஹார்ட்டின் வண்டி எண்ணான 3 போட்ட கறுப்புத் தொப்பி இருக்கும். அதை அவர் அணிந்து நான் பார்த்ததில்லை. தூசி தட்டி அதே இடத்தில் வைப்பார்.

எர்ன்ஹார்ட் 7 முறை சாம்பியன். ஆனால் நாஸ்காரின் மிகப் பெரிய ரேஸான டேடோனா 500 மட்டும் வெகுகாலம் கைக்கு வரவே இல்லை. கடைசிச் சுற்றில்கூட இழந்திருக்கிறார். 1998-இல், 20-ஆவது முயற்சியில் ஜெயித்தார். அப்போது எல்லா அணிகளின் ஆட்களும் பிட் சாலையில் வரிசையாக வந்து நின்று, மெதுவாக வந்த அவருடைய வண்டிக்குள் கை நீட்டிக் கை கொடுத்தார்கள். போட்டியாளர்கள்! அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

மூன்றே வருடம். 2001 பிப்ரவரி 18, அதே டேடோனா, கடைசிச் சுற்று, நான்காம் வளைவு. முன்னால் ஓடிய இரண்டு வண்டிகளும் அவர் சொந்தமாக வைத்திருந்த அணியின் வண்டிகள். ஒன்றில் மைக்கேல் வால்ட்ரிப், மற்றதில் அவர் மகன். பின்னால் வருபவர்களை இவர் தடுத்துக்கொண்டு வரும்போதுதான் சுவரில் மோதினார். அந்த சீசன் முழுக்க மூன்றாவது சுற்றில் தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் பேசாமல் இருந்தார்கள். அரங்கத்தில் எல்லோரும் மூன்று விரலைத் தூக்கி நின்றார்கள்.

அவருக்கு முன், 2000-ஆம் வருடத்திலேயே ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர் மூவரும் டிராக்கில் மோதி உயிரிழந்திருந்தார்கள். வண்டி சட்டென்று நின்றுவிடும் மோதலில் உடல் பட்டையில் நிற்கும், தலை முன்னால் பாயும், மண்டையின் அடி எலும்பு முறியும். தலையைத் தோளோடு கட்டிப் பிடிக்கும் ஹான்ஸ் கருவி அப்போதே இருந்தது, பலர் போடவில்லை. 2001 அக்டோபரில் தலையைக் கட்டிப் பிடிக்கும் கருவியைக் கட்டாயமாக்கினார்கள். பிறகு கான்கிரீட் சுவருக்கு முன்னால், பின்புறம் நுரைக் கட்டிகள் வைத்த எஃகுச் சுவர் வந்தது. அதன் பிறகு கப் தொடரின் ரேஸில் ஓர் ஓட்டுநர்கூட உயிரிழக்கவில்லை. 2020 டேடோனாவில் ரையன் நியூமனின் வண்டி பறந்து தலைகீழாக விழுந்தபோது நான் தொலைக்காட்சி முன்னால் எழுந்து நின்றுவிட்டேன். இரண்டு நாளில் அவர் தன் இரண்டு பெண் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனையிலிருந்து நடந்து வெளியே வந்தார். அதற்குப் பின்னால் நான்கு உயிர்கள் இருக்கின்றன.

கேள்வி: நம்மைப் போன்றவர்கள் அங்கே போனால் எப்படிப் பார்ப்பார்கள்? மனைவி தயங்குகிறார்.

நேர்மையாகச் சொல்கிறேன். முதல் முறை போனபோது வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவர் "வழி தவறி வந்துவிட்டாயா?" என்று கேட்டார். உதவிக்கு இல்லை, அந்தக் குரலிலேயே தெரிந்தது. திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. உள்ளே போய் உட்கார்ந்ததும் பக்கத்து இருக்கையில் ஒரு வயதான தம்பதி. அந்த அம்மா ஒரு பையை நீட்டினார். உள்ளே உப்புப் போட்டு வேகவைத்த நிலக்கடலை, தோலோடு, சூடாக. இங்கே தெற்கு மாநிலங்களில் அது சாலையோரத் தீனி. எங்கள் வீட்டிலும் இதே போலத்தான் வேகவைப்போம் என்றேன். அப்புறம் ரேஸ் முடியும்வரை யார் எந்த அணி, யாருக்கு யார் மேல் கோபம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இந்த விளையாட்டுக்குக் கசப்பான வரலாறு உண்டு, மறைக்கக் கூடாது. வெண்டல் ஸ்காட் என்ற கறுப்பின ஓட்டுநர் 1963 டிசம்பரில் ஜாக்சன்வில்லில் ஜெயித்தார். ஆனால் வெற்றியை வேறொருவருக்கு அறிவித்துக் கோப்பையும் கொடுத்துவிட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகுதான் கணக்கைச் சரிபார்த்து அவர்தான் என்றார்கள். 1990-இல் அவர் இறக்கும்வரை உரிய கோப்பை கையில் வரவில்லை. குடும்பத்துக்குக் கிடைத்தது 2021-இல். அதே வருடம் டல்லடேகாவில் பப்பா வாலஸ் ஜெயித்தார். ஸ்காட்டுக்குப் பிறகு கப் தொடரில் ஜெயித்த இரண்டாவது கறுப்பினத்தவர் அவர். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்கு மாநிலங்களின் கூட்டமைப்புக் கொடியை அரங்கங்களில் தடை செய்ததே 2020-இல்தான். மாற்றம் மெதுவாகத்தான் வந்திருக்கிறது, ஆனால் வந்திருக்கிறது. மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: குழந்தையோடு போகலாமா? என்ன எடுத்துப் போக வேண்டும்?

போகலாம், காதுக்கு நல்ல ஹெட்செட் இருந்தால் மட்டும். என் மகள் நாலு வயதில் முதல் முறை வந்தபோது நுரைப் பஞ்சு காதடைப்பான் போதும் என்று நினைத்தேன். வண்டிகள் ஒன்றாகக் கிளம்பிய கணத்தில் அவள் அழுத அழுகையை இன்னும் மறக்க முடியவில்லை. அன்றே வெளியே வந்துவிட்டோம். சத்தம் காதில் மட்டும் இல்லை, நெஞ்சுக்கூட்டிலும் அடிக்கும். குழந்தைக்கு முழுக் காதையும் மூடும் ஹெட்செட் வாங்குங்கள்.

இருக்கை வாங்கும்போது விலை குறைவு என்று வேலியோரக் கீழ் வரிசையை வாங்காதீர்கள். டயர் ரப்பர் சிறு சிறு உருண்டைகளாகப் பறந்து வரும். எலுமிச்சை சாதத்தில் கடுகு எது, ரப்பர் எது என்று விரலால் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மேல் வரிசையில்தான் முழு டிராக்கும் தெரியும். பல அரங்கங்களில் வீட்டுச் சாப்பாடு எடுத்துப் போக விடுகிறார்கள். பையின் அளவை மட்டும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிளேஆஃப் முறை பிடிக்குமா?

எனக்குப் பிடிக்கவில்லை. 36 ரேஸ் ஓட்டிவிட்டு, நால்வரை மட்டும் வைத்துக் கடைசி ஒரே ரேஸில் சாம்பியனை முடிவு செய்வதைப் பல வருடம் பார்த்தோம். 2025-இல் ஃபீனிக்ஸில் டென்னி ஹாம்லின் அதிகச் சுற்றுகள் முன்னிலையில் ஓடினார். இருபது வருடமாகக் காத்திருந்த பட்டம், மூன்று சுற்றுதான் பாக்கி. அப்போது வேறொருவரின் டயர் வெடித்து, எல்லோரையும் மெதுவாக ஓடச் சொல்லும் மஞ்சள் கொடி. ஹாம்லின் நான்கு டயர் மாற்றினார், கைல் லார்சன் இரண்டு மட்டும் மாற்றி முன்னால் வந்தார். ஒரு சுற்றுகூட முன்னிலையில் ஓடாமல் லார்சன் சாம்பியன். லார்சன்தான் இன்றைய ஓட்டுநர்களில் மிகத் திறமையானவர் என்று நினைப்பவன் நான். அன்று என்னால் கைதட்ட முடியவில்லை. 2026 முதல் கடைசி 10 ரேஸின் புள்ளிகளைக் கூட்டும் பழைய சேஸ் முறைக்குத் திரும்பியிருக்கிறார்கள். நல்லது.

கேள்வி: சுவரில் உரசிக்கொண்டே ஐந்து பேரை முந்தினாரே ஒருவர், அது நிஜமா?

ராஸ் சாஸ்டெய்ன், மார்ட்டின்ஸ்வில், 2022 அக்டோபர் 30. கடைசிச் சுற்றில் பிரேக்கைத் தொடாமல் வலப்பக்கத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முழு வேகத்தில் போனார். பத்திலிருந்து ஐந்துக்கு வந்தார். சிறு வயதில் வீடியோ கேமில் செய்து பார்த்ததாம். அடுத்த சீசனிலிருந்து அதைத் தண்டனைக்குரியதாக்கிவிட்டார்கள். சரியான முடிவுதான்.

கேள்வி: புதிதாகப் பார்க்க ஆரம்பிக்கிறேன். எந்த ரேஸ், எந்த ஓட்டுநர்?

மார்ட்டின்ஸ்வில். டேடோனாவில் தொடங்கினால் கூட்டமாக ஓடி ஒரே விபத்தில் பாதிப் பேர் வெளியேறுவதைப் பார்த்து அதிர்ஷ்டம்தான் எல்லாம் என்று நினைத்துவிடுவீர்கள். சின்ன டிராக்கில் யார் யாரை இடித்தார், அதற்கு நூறு சுற்று கழித்து அவர் எப்படித் திருப்பிக் கொடுத்தார் என்பது கண்ணுக்குத் தெரியும். ஜெயித்தவருக்குக் கோப்பையாக ஆளுயர ஊசல் கடிகாரம் ஒன்றைத் தருவார்கள், அதையும் பாருங்கள்.

ஓட்டுநரை நான் சொல்ல மாட்டேன். பதினைந்திலிருந்து இருபத்தைந்தாவது இடத்துக்குள் கிளம்பும் யாராவது ஒருவரைப் பிடித்துக்கொண்டு, நாஸ்கார் செயலியில் அவருடைய வானொலியைப் போட்டுக் கேளுங்கள். மேலே கூரையில் நிற்கும் ஸ்பாட்டர் "உள்ளே ஒருத்தன், இன்னும் உள்ளே, விலகிட்டான்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இருபது சுற்றுக்குள் நீங்களும் அவரோடு சேர்ந்து மூச்சை அடக்கிக்கொள்வீர்கள்.