ஒளிந்து மீளும் மீரா: உறுப்பினர் கேள்விகளுக்கு விடைகள்

திமிங்கில மண்டலத்திலுள்ள மீரா என்னும் சிவப்பு இராட்சத விண்மீனைப் பற்றி எமது வானியல் வட்டத்தின் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறேன். ஒரே பொருளைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (நல்லூர், உயர்தர மாணவி): ஐயா, தை மாதத்தில் வெறுங்கண்ணால் கண்ட விண்மீனை மாசிக் கடைசியில் அதே இடத்தில் காணவில்லை. நான் இடத்தைப் பிழையாகப் பார்த்துவிட்டேனா?

இல்லைப் பிள்ளை, நீங்கள் சரியான இடத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள். மீரா ஏறத்தாழ 332 நாள்களுக்கு ஒருமுறை பிரகாசித்து மங்கும் மாறொளிர் விண்மீன். உச்சத்தில் அதன் ஒளித்தரம் பெரும்பாலும் 3ஐ ஒட்டி நிற்கும். சில சுற்றுகளில் 2 வரை ஏறும், சிலவற்றில் 4ஐக்கூட எட்டாமல் மங்கலாகவே நிற்கும். இழிவில் அது 9 அல்லது 10 ஆகிவிடும். ஒளித்தர எண் கூடக் கூட விண்மீன் மங்கல் என்பதையும், ஐந்து எண் வித்தியாசம் நூறு மடங்கு ஒளி வித்தியாசம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று விளங்கும். மனிதக் கண் இருண்ட வானத்திலும் 6 வரைதான் காணும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் பெரும்பகுதிக் காலம் மீரா எங்கள் கண்ணுக்கு அகப்படாது. அது ஏறும்போது விரைவாக ஏறி, இறங்கும்போது ஆறுதலாக இறங்கும்.

கேள்வி (மானிப்பாய், இரு பிள்ளைகளின் தாய்): பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். எங்கே, எப்போது பார்ப்பது?

ரோகிணியைத் தெரிந்தால் போதும், அம்மா. கார்த்திகைக் கூட்டத்துக்கு அருகே செம்மஞ்சளாக ஒளிரும் ரோகிணியிலிருந்து தென்மேற்காகப் போனால், ஏறத்தாழ ஒன்றரைச் சாண் தூரத்தில் (கையை முழுவதும் நீட்டி, விரல்களை விரித்து அளக்க வேண்டும்) மென்கார் என்னும் 2.5 ஒளித்தர விண்மீன் தனித்து நிற்கும். ரோகிணியையும் மென்காரையும் இணைக்கும் கோட்டை, அதே திசையில் இன்னும் பாதித் தூரம் நீட்டுங்கள். கோடு முடியுமிடத்தில் மீரா இருக்கும். மங்கிய காலமென்றால் அந்த இடம் வெறுமையாகத் தெரியும். அந்த வெறுமையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிறகு விண்மீன் தோன்றும்போது அதன் அருமை அவர்களுக்குத் தெரியும்.

மீரா வான்நடுக்கோட்டுக்குத் தெற்கே 3 பாகை அளவில் இருப்பதால், யாழ்ப்பாணத்தில் அது கிட்டத்தட்ட நேர்கிழக்கில் எழுந்து, உச்சந்தலைக்குச் சற்றுத் தெற்கே கடந்து போகும். தைப்பொங்கலை ஒட்டிய நாள்களில் மாலை ஏழு மணிக்கு அது அநேகமாகத் தலைக்கு மேல் நிற்கும். ஆவணித் தொடக்கத்தில் அதே இடத்தில் விடியற்காலை ஐந்து மணிக்குக் காணலாம். சித்திரை, வைகாசியில் சூரியனின் ஒளியில் மறைந்துவிடும். ஐப்பசி முதல் மார்கழி வரை அது இரவின் பெரும்பகுதி வானத்தில் இருந்தாலும் வடகீழ்ப் பருவமழை மேகம் எங்களை விடாது. விளக்கீட்டு இரவில் மழை விட்டாலும் பயனில்லை. அன்று முழுநிலவு கார்த்திகைக்கு அருகிலேயே நிற்கும். மழை ஓய்ந்த தை மாதத்து நிலவற்ற மாலைகளையே நான் எப்போதும் சிபாரிசு செய்வேன்.

கேள்வி (பல்கலைக்கழக பௌதிகவியல் மாணவர்): ஒரு விண்மீன் உண்மையிலேயே ஆயிரம் மடங்கு சக்தியை இழந்து மீண்டும் பெறுகிறதா? அது எப்படி முடியும்?

தம்பி, இந்தக் கேள்விதான் மீராவின் உள்ளே எங்களை அழைத்துப் போகிறது. விடை: இல்லை. மீரா வெளியிடும் மொத்தச் சக்தி இரண்டு மூன்று மடங்குக்கு மேல் மாறுவதில்லை. ஆயிரம் மடங்காக மாறுவது எங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளி மட்டுமே.

முதலில் துடிப்பை எடுத்துக்கொள்வோம். மீரா சூரியனை விடச் சற்றே கூடிய திணிவுள்ள, ஆனால் முதுமையடைந்த விண்மீன். மையத்தில் காபனும் ஒட்சிசனும் சேர்ந்த கரு. அதைச் சுற்றி ஈலியமும் ஐதரசனும் எரியும் மெல்லிய ஓடுகள். அதற்கு வெளியே மிகப் பரந்து, மிக ஐதாகிப்போன வாயுப் போர்வை. எங்கள் சூரியனின் இடத்தில் அதை வைத்தால் அதன் விளிம்பு ஏறத்தாழச் செவ்வாயின் பாதையை எட்டும். இந்தப் போர்வையில் ஐதரசன் அணுக்கள் இலத்திரனை இழந்து அயனாகும் படை ஒன்று உண்டு. அமுக்கப்படும்போது அந்தப் படை உள்ளிருந்து வரும் வெப்பத்தைத் தடுத்துச் சேமிக்கிறது. சேர்ந்த அழுத்தம் போர்வையை வெளியே தள்ளுகிறது. விரிந்ததும் வெப்பம் தப்பிப் போக, ஈர்ப்பு மீண்டும் போர்வையை உள்ளிழுக்கிறது. உலைமூடி எழும்பி ஆவியை விட்டுப் பிறகு விழுவது போன்ற இந்த இயக்கத்தின் ஒரு சுற்றுக்குத்தான் 332 நாள்கள் ஆகின்றன.

இனி ஒளி. மீராவின் மேற்பரப்பு வெப்பநிலை 3000 கெல்வினை ஒட்டியது. அவ்வளவு குளிர்ந்த பொருள் தன் சக்தியில் பெரும்பங்கைச் செங்கீழ்க் கதிர்களாகவே வெளியிடும்; கண்ணுக்குத் தெரியும் ஒளி அதன் நிறமாலையின் ஓரத்தில் ஒரு சிறு பங்கு மாத்திரமே. வெப்பநிலை சில நூறு பாகை குறைந்தாலே அந்தச் சிறு பங்கு வெகுவாகச் சுருங்கிவிடும். அதற்கு மேல், குளிர்ந்த வாயுவில் தைத்தேனியம் ஒட்சைட்டு மூலக்கூறுகள் பெருகுகின்றன. இவை கட்புல ஒளியை அகன்ற பட்டைகளாக உறிஞ்சுவதில் மிக வல்லவை. விண்மீன் வெப்பம் கூடும்போது மூலக்கூறுகள் சிதைந்து திரை விலகுகிறது. குளிரும்போது மீண்டும் மூடுகிறது. எனவேதான் மீரா பருத்திருக்கும் வேளையில் அன்றி, வெப்பம் கூடிய வேளையிலேயே எங்களுக்குப் பிரகாசமாகத் தெரிகிறது. செங்கீழ்க் கதிர்களை உணரும் கருவியால் பார்த்தால் மீரா ஒரு நாளும் காணாமற் போவதில்லை.

கேள்வி (இணுவில், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்): இது இருபத்தேழு நட்சத்திரங்களில் சேருமா? இது மங்குவதற்குப் பலன் ஏதும் உண்டா?

சேராது, ஐயா. அச்சுவினி, பரணி இரண்டுக்கும் தெற்கே, சந்திரனின் பாதையை விட்டு விலகி இது இருக்கிறது. பலனைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் சொல்வேன்: மீரா எங்களிடமிருந்து சுமார் 300 ஒளியாண்டு தூரத்தில் உள்ளது. இன்றிரவு நாங்கள் காணும் மங்கல், யாழ்ப்பாணக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலத்தில் நிகழ்ந்து முடிந்தது. அது இந்த ஆண்டு எங்கள் வீட்டில் நடப்பதைக் குறித்துப் பேச வழியில்லை.

கேள்வி (கோப்பாய், ஆசிரியர்): இதை முதலில் கண்டவர் யார்?

பதிவு செய்தவர் தாவீது பபிரிசியசு என்னும் ஜேர்மானிய மதபோதகர். 1596 ஆகஸ்டில் ஒரு கோளின் இடத்தை அளப்பதற்கு அருகிலிருந்த விண்மீன் ஒன்றைத் துணையாகக் கொண்டபோது, அது நாளுக்கு நாள் பிரகாசிப்பதையும் ஒக்டோபருக்குள் மறைந்துபோவதையும் கண்டார். அது தொலைகாட்டிக்கு முந்திய காலம். புதிதாகத் தோன்றி அழிந்த விண்மீன் என்றே அதை எண்ணினார். ஆனால் 1609இல் அதே இடத்தில் அது மீண்டும் இருந்தது. இடையில் 1603இல் பயர் என்னும் ஜேர்மானியர் தம் வான்படத்தில் அதை ஒரு சாதாரண விண்மீனாகவே குறித்துவைத்தார். 1638இல் ஒல்வார்டா என்னும் வானியலாளர் அதை மீண்டும் கவனித்து, அது மறைந்து மறைந்து மீள்வதை நிறுவினார். 1662இல் எவேலியசு மீரா என்ற பெயரைப் பரப்பினார். 1667இல் புல்லியால்டசு சுற்றுக்காலம் 333 நாள்கள் என்று கணித்தார். இன்றைய அளவீட்டிலிருந்து அது ஒரே ஒரு நாள்தான் விலகி நிற்கிறது என்பதைப் பாருங்கள்.

எங்கள் பக்கத்திலும் ஒரு பெயர் உண்டு. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி 1867இல் தென்வானத்தில் ஆர் ரெட்டிக்குலி என்னும் மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்தார். அதுவும் மீராவின் இனத்தைச் சேர்ந்ததே. பாடசாலைகளில் இவரைப் பற்றிச் சொல்லாதிருப்பது எனக்குப் பெரிய மனக்குறை.

கேள்வி (பலர்): திருவாதிரையும் மங்கியதே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. திருவாதிரை சூரியனைப் போலப் பத்து மடங்குக்கும் கூடிய திணிவுள்ள சிவப்பு மீயிராட்சதன். அது ஒரு நாள் வெடித்து முடியும். 2019 கடைசியிலிருந்து 2020 தொடக்கம் வரை அது மங்கியதற்கு, அது கக்கிய வாயு குளிர்ந்து தூசாகி எங்களுக்கு நேரே மறைத்தது முக்கிய காரணம். மீரா வெடிக்காது. தன் போர்வையை உதறிவிட்டு, கருவை மட்டும் வெண்குறுமீன் என்னும் சிறிய, அடர்ந்த விண்மீனாக எஞ்ச விட்டுவிடும். சூரியனும் பல நூறு கோடி ஆண்டுகளின் பின் இதே வழியில்தான் போகும்.

கேள்வி (சாவகச்சேரி, மாணவர்): மீராவுக்கு வால் உண்டு என்று படித்தேன். உண்மையா?

உண்மை. துடிப்பினால் மேலெழும் வாயு குளிர்ந்து தூசாகிறது. அந்தத் தூசை விண்மீனின் ஒளியே வெளியே தள்ளுகிறது. மீரா விண்வெளியில் செக்கனுக்கு 130 கிலோமீற்றர் வேகத்தில் போவதால், உதிர்ந்தவை பின்னால் நீள்கின்றன. நாசாவின் கலெக்ஸ் செய்மதி ஊதாக்கடந்த கதிர்களில் எடுத்த படங்களில் 13 ஒளியாண்டு நீளமான இந்த வால் தெரிந்தது. 2007இல் இதனை அறிவித்தார்கள். கடந்த 30,000 ஆண்டுகளில் உதிர்ந்த பொருள் அதில் இருக்கிறது. வாலைக் கண்ணாலோ சாதாரண தொலைகாட்டியாலோ காண முடியாது. மீராவுக்கு ஒரு துணை விண்மீனும் உண்டு. 1923இல் எயிட்கன் என்னும் வானியலாளர் அதைத் தொலைகாட்டியில் கண்டார். உதிரும் வாயுவில் ஒரு பங்கை அந்தத் துணை தன்பால் இழுத்துக்கொள்கிறது.

கேள்வி (பருத்தித்துறை, கடற்றொழிலாளர்): கடலில் திசை பார்க்க உதவுமா?

கிழக்கில் எழுந்து மேற்கில் விழுவது உண்மைதான், அண்ணை. ஆனால் தேவையான இரவில் தெரியாமற் போகக்கூடிய விண்மீனை நம்பிப் போக வேண்டாம்.

கேள்வி (வட்டுக்கோட்டை, விஞ்ஞான ஆசிரியை): மாணவர்களைக் கொண்டு அளவிட விரும்புகிறேன். கருவி ஏதும் இல்லை.

கருவி வேண்டியதில்லை, ரீச்சர். திமிங்கில மண்டலத்து விண்மீன்களான மென்கார் 2.5, காமா சேற்றி 3.5, டெல்ட்டா சேற்றி 4.1 என்ற ஒளித்தரங்களை உடையவை. மூன்றும் மீராவுக்கு அருகிலேயே இருக்கின்றன. மீரா காமாவை விட மங்கலாகவும் டெல்ட்டாவை விடப் பிரகாசமாகவும் இருந்து, காமாவுக்கே கூடக் கிட்டியதாகத் தெரிந்தால் 3.7 என்று எழுதலாம். ஒவ்வொரு மாணவரும் மற்றவரைக் கேளாமல் எழுதட்டும். சிவப்பு விண்மீனை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது உள்ளதைவிடப் பிரகாசமாகத் தோன்றும். ஆதலால் சட்டெனப் பார்த்துக் கண்ணை எடுத்துவிட வேண்டும். திகதி, நேரம், நிலவு, மேகம் நான்கையும் குறியுங்கள். தெரியாத இரவுகளில் "காணவில்லை" என்று எழுதுவதும் நல்ல பதிவே. அவதானம் முடியும்வரை இணையத்தில் எதிர்வுகூறலைப் பார்க்க விடாதீர்கள். எண்ணைத் தெரிந்துகொண்டவர் அந்த எண்ணையே வானத்திலும் காண்பார்.

1911இல் தொடங்கிய அமெரிக்க மாறொளிர் விண்மீன் அவதானிகள் சங்கம் இத்தகைய பதிவுகளை உலகெங்குமிருந்து ஏற்றுக்கொள்கிறது. ஆர் ஐட்ரே என்னும் விண்மீனின் சுற்றுக்காலம் ஏறத்தாழ 500 நாள்களிலிருந்து 400க்குக் கீழே குறைந்துவிட்டதை நாங்கள் அறிந்தது, தலைமுறை தலைமுறையாக ஆட்கள் பார்த்து எழுதிவைத்ததனால்தான். மீராவின் உச்சம் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு மாதம் முந்தி வருவதால், சில ஆண்டுகள் அது சூரியனுக்குப் பின்னாலும் சில ஆண்டுகள் எங்கள் மாரி மேகத்துக்குப் பின்னாலும் போய்விடும். ஆகவே ஒரே வகுப்போடு நிறுத்தாமல், பதிவுப் புத்தகத்தை அடுத்த வகுப்பிடம் ஒப்படையுங்கள்.