பிழைக்க வந்தவருக்கு மூக்கு இல்லையா?

கேள்வி: திருநெல்வேலியிலிருந்து டர்பனுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மாமாவின் துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன், குடியிருப்பது நகரின் தெற்கிலுள்ள மெரிபேங்கில். சில இரவுகளில் அழுகிய முட்டை போன்ற நாற்றம் வருவதால் சன்னலைத் திறக்க முடிவதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை இழுப்பினால் அவதிப்படுகிறது. நண்பர்களைச் சேர்த்து ஒரு சுற்றுச்சூழல் அமைப்பைத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். “பிழைக்க வந்த ஊரில் உனக்கு எதற்கு இந்த வேலை, விசா போய்விடும்” என்கிறார் மாமா. என்ன செய்யட்டும்?

பதில்: மெரிபேங்கில் பிழைக்க வராதவர் யார் என்று முதலில் மாமாவிடம் கேளுங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ‘ட்ரூரோ’ கப்பல் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகளை, டர்பன் அடங்கிய நேட்டாலில் இறக்கியது. 1911 வரை அவ்வாறு வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களின் பேரப்பிள்ளைகளில் பலரை 1950-ஆம் ஆண்டின் இனவாரிப் பகுதிச் சட்டம் குடியிருந்த இடங்களிலிருந்து பெயர்த்து, அரசு காட்டிய இடத்தில் குடியேற்றியது. 1954-இல் பக்கத்து வென்ட்வொர்த்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எழுந்தபோது, அதன் புகை எந்த வீடுகளின் மேல் படியும் என்பது ஆட்சியாளர்களுக்குத் தெரியாத இரகசியமல்ல. (காந்தியடிகளையும் தில்லையாடி வள்ளியம்மையையும் நான் இங்கே இழுக்கப் போவதில்லை, ஆண்டுவிழா மேடைகள் அவர்களுக்குப் போதிய வேலை தந்துவிட்டன.)

அடுத்தது சட்டம். தென்னாப்பிரிக்க அரசியல் சாசனம் வாக்குரிமையைக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. ஆனால் உடல்நலத்துக்குத் தீங்கு செய்யாத சூழலில் வாழும் உரிமையைக் கூறும் 24-ஆம் பிரிவு ‘ஒவ்வொருவருக்கும்’ என்றுதான் தொடங்குகிறது. தகவல் பெறும் உரிமையும் (32), ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையும் (17) அதே சொல்லோடுதான் தொடங்குகின்றன. அந்தச் சொல்லுக்குள் நீங்களும் இருக்கிறீர்கள், மாமாவும் இருக்கிறார்.

ஆயினும் மாமாவின் அச்சத்தைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட மாட்டேன். இதே மாகாணத்தில் சோம்கெலே நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்தை எதிர்த்த ஃபிக்கிலே ந்ட்ஷாங்காசே என்ற மூதாட்டி, 2020 அக்டோபரில் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அயல்நாட்டார்மீது இங்கே அவ்வப்போது பாயும் வெறியும் உங்களுக்குத் தெரிந்ததே. ஆகவே விசாத் தாள்களை ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். முன்னறிவிப்பு முறையாகக் கொடுக்கப்பட்டதா என்று கேட்டறியாமல் எந்த ஊர்வலத்திலும் சேராதீர்கள்.

இனி உங்கள் பங்குக்கு. புதிய அமைப்பு எதற்கு? தெற்கு டர்பன் சமூகச் சுற்றுச்சூழல் கூட்டமைப்பு 1990-களின் நடுவிலிருந்து அங்கேயே இயங்கி வருகிறது. அதை வளர்த்தவர்களில் ஒருவரான டெஸ்மண்ட் டிசா, டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து இனவெறி அரசால் பெயர்த்தெறியப்பட்ட ஒரு பெரிய குடும்பத்தின் பிள்ளை. சாட்ஸ்வொர்த்தில் இருந்த நச்சுக்கழிவுக் கிடங்கு 2011-இல் மூடப்படும்வரை மக்களைத் திரட்டியதற்காக 2014-இல் சுற்றுச்சூழல் போராளிகளுக்கான கோல்ட்மன் பரிசு பெற்றவர் அவர். மேடையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் உருவாக்கிய ‘நாற்ற அட்டவணை’: எந்த நாற்றம் எந்த வேதிப்பொருளுடையதாக இருக்கலாம் என்பதைச் சாதாரண மக்கள் அடையாளம் கண்டு முறையிட உதவிய ஒரு தாள். அழுகிய முட்டை என்றீர்களே, அது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு.

‘நாறுகிறது’ என்று சொன்னால் அதிகாரி தலையை ஆட்டிவிட்டு அடுத்த கோப்பை எடுப்பார். மெரிபேங்கின் செட்டிலர்ஸ் தொடக்கப் பள்ளியில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்து, 52 சதவீதத்தினருக்கு ஆஸ்துமா என்று சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சை ஒதுக்கித் தள்ளுவது கடினமாயிற்று. நீங்களோ கணக்கு எழுதுகிறவர். உங்கள் கையில் இருக்கும் தொழிலே இதற்குப் போதும். ஒரு பேரேட்டைத் தனியாக எடுத்துத் தேதி, மணி, நாற்றத்தின் தன்மை, நீடித்த நேரம், காற்று வடகிழக்கிலிருந்து வந்ததா தென்மேற்கிலிருந்து வந்ததா என்பது ஆகியவற்றை ஆறு மாதம் விடாமல் எழுதுங்கள். நாற்றமில்லாத இரவுகளையும் எழுதுங்கள். வரவு மட்டும் எழுதிய கணக்கை எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார். அதோடு கூட்டமைப்பின் கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். ஜூலு மொழி கற்கத் தொடங்குங்கள், ஏனெனில் அதே காற்று ஜூலு பேசுவோர் வாழும் பக்கத்து உம்லாசிக்கும் போகிறது.

சுத்திகரிப்பு ஆலைகள்தாம் நின்றுவிட்டனவே, இனி என்ன போராட்டம் என்று சிலர் சொல்வார்கள். 2020 டிசம்பர் 4 அன்று நேர்ந்த வெடிப்புக்குப் பிறகு வென்ட்வொர்த்தின் எஞ்சன் ஆலை சுத்திகரிப்பைத் தொடரவில்லை என்பதும், அருகிலுள்ள மற்றோர் ஆலையான சாப்ரெஃப் 2022-இல் நிறுத்தப்பட்டது என்பதும் உண்மைதான். ஆனால் எண்ணெய்த் தொட்டிகளும் இரசாயனக் கிடங்குகளும் காகித ஆலையும் அங்கேயே இருக்கின்றன. நாற்றம் எதிலிருந்து வருகிறது என்று நீங்களாகவே முடிவு கட்டி எந்த நிறுவனத்தின் பெயரையும் எழுதிவிடாதீர்கள். அதைக் காற்றின் திசையும் மணியும் சேர்ந்து சொல்லட்டும். அக்கம்பக்கத்தில் புதிய திட்டம் ஒன்றுக்குச் சுற்றுச்சூழல் மதிப்பீடு அறிவிக்கப்பட்டால், ‘அக்கறையுள்ளோர், பாதிக்கப்படுவோர்’ பட்டியலில் உங்கள் பெயரைப் பதிவு செய்து, அந்தப் பேரேட்டின் நகலை இணைத்து அனுப்புங்கள்.

பக்கத்து வீட்டுக் குழந்தையின் இழுப்பை அதில் குறிப்பதானால், முதலில் அதன் தாயிடம் அனுமதி கேளுங்கள். அவர் வேண்டாமென்றால் அந்த வரி வெறுமையாகவே இருக்கட்டும்.